மலை வீட்டுப் படுக்கையறையும் காலைத் தலைவலியும்

கேள்வி: கோத்தகிரி அருகே ஓட்டு வீட்டில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்ததிலிருந்து படுக்கையறையில் குளிர் தாங்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, இரவு இரும்புச் சட்டியில் கரிக்கங்கு வைத்துக்கொள்கிறோம். காலையில் எனக்கும் கணவருக்கும் தலை கனக்கிறது, குமட்டுகிறது. வாசலுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஒன்பது வயது மகளுக்கு விடியற்காலையில் தும்மல், மூக்கடைப்பு. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம். தலையணையில் நீலகிரித் தைலம் தெளித்தும் பயனில்லை. அறையை எப்படிச் சரிசெய்வது?

பதில்: இன்றிரவே கரிச்சட்டியை வெளியே வைத்துவிடுங்கள், அம்மா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே அறையில் படுத்த இருவருக்கும் ஒரே மாதிரித் தலைவலி வருகிறது, வெளியே வந்ததும் விடுகிறது என்றால் முதலில் கார்பன் மோனாக்சைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். "புகையே இல்லையே, வெறும் கங்குதானே" என்பீர்கள். புகையடங்கிச் சிவந்த கங்கும், சாம்பல் பூத்த கங்கும் இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே மயக்கத்துக்குப் போய்விடுவோம், எழுப்ப ஆளிருக்காது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதென்றும் நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய இரத்தமாகவே கணக்கிடும். இரத்தப் பரிசோதனைதான் சொல்லும், அதுவும் சில மணி நேரத்துக்குள் எடுத்தால். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கரியை நிறுத்திய பின்னும் தலைவலி தொடர்ந்தால் இரத்த அழுத்தத்தையும், பலத்த குறட்டை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

கரிக்குப் பதில் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் போதும். மின் ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பது பொய். கேஸ் ஹீட்டர் தின்னும், அது படுக்கையறைக்கு வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, படுக்கும்போது அணைத்துவிடலாம். அறை 18 டிகிரி இருந்தால் தூக்கத்துக்குப் போதும்.

உங்கள் அறையில் குளிரைவிட ஓதம்தான் பெரிய தொல்லை. மூவர் இரவு முழுக்க விடும் மூச்சிலேயே அரை லிட்டர் அளவுக்கு நீர் இருக்கும். மழைநாளில் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். நீங்கள் இடுக்கை அடைத்துவிட்டதால் அது வெளியே போக வழியில்லை, குளிர்ந்த சுவரில் போய் வியர்க்கிறது. பீரோ சுவரோடு ஒட்டியிருக்கும் இடத்தில் காற்றும் ஓடாது, பூசணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மூடுபனி உள்ளே வந்தால் இன்னும் ஈரம்தானே என்று பலர் கேட்பார்கள். 12 டிகிரியில் மேகமாக நிற்கும் காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடைத்து வைத்த அறையின் நிலையைவிட அது மேல். ஆகவே நண்பகலில் எதிரெதிர் ஜன்னல்களைக் கால்மணி நேரம் திறந்து விடுங்கள். வெயில் அடித்தால் அதற்கு மேலும் திறக்கலாம். ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டி, 60-க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதாக இருந்தால் கேட்டு வாங்குங்கள்: கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும்.

பீரோவை நான்கு அங்குலம் முன்னால் இழுங்கள். பூசணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் தூள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து, மகளை வெளியே அனுப்பிவிட்டு, சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். அதோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடிப்பது வீண்செலவு. சரிவை வெட்டிக் கட்டிய வீடாக இருந்து பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தால், வெளியே மண்ணை விலக்கி வாய்க்கால் வெட்டாமல் உள்ளே எது செய்தாலும் பூசணம் திரும்ப வரும்.

மகளின் தும்மலுக்குப் பூசணமோ கம்பளியில் வாழும் தூசிப் பூச்சியோ காரணமாக இருக்கலாம். கம்பளியைக் கொதிக்கும் நீரில் துவைக்க முடியாது. அதற்குப் பருத்தி உறை தைத்துப் போட்டு, உறையையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தைலம் நம் மலைச் சரக்குதான், ஆனாலும் அது மூக்கைத் திறப்பதில்லை, திறந்த மாதிரி குளிர்ச்சி காட்டும், அவ்வளவே. மூச்சிழைப்பு உள்ள பிள்ளைக்கு எரிச்சலும் தரும். சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம், பாட்டிலை உயரத்தில் வையுங்கள். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். இரவில் இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் நேரில் காட்டி ஆஸ்துமாவா என்று பாருங்கள்.

அறை முழுவதையும் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது மலிவு. பாதம் குளிர்ந்திருந்தால் தூக்கம் தள்ளிப்போகும். கொதிக்காத வெந்நீரை ரப்பர் பையில் முக்கால் பாகத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, காற்றைப் பிதுக்கி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குப் பை வேண்டாம், கம்பளிக் காலுறை போதும். இரண்டாவது கம்பளியை மேலே போர்த்தாமல், மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே விரித்துப் பாருங்கள். குளிர் கீழிருந்தும் ஏறுகிறது.