குலை பழுத்ததா என்று பார்க்கும் கேமரா

அன்புள்ள அண்ணா,

அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். பச்சைக்குலை ஆலைக்குப் போய்விட்டால் கூலியில் பிடிக்கிறார்கள். குவாண்டம் புள்ளி என்ற நுண்துகள்களை வைத்துச் செய்யும் கேமராவால் பழத்தின் ஈரத்தைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கோவிட் சமயத்தில் கோயில் வாசலில் காய்ச்சல் பார்க்க வைத்தார்களே, அந்தக் கேமராதானா இது?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

அது வேறு. உடம்பு தானாக வெளிவிடும் வெப்பத்தைப் பார்த்த கேமரா அது. அலைநீளம் 8 முதல் 14 மைக்ரோமீட்டர். நான் சொன்னது வெயில் பழத்தில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளி, 1 முதல் 2 மைக்ரோமீட்டருக்குள். அதில் 1,450 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரோமீட்டர்) பக்கம் வரும் ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஈரமான இடம் கறுப்பாக விழும். எண்ணெய் 1,200 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கும். செம்பனை பழுக்கப் பழுக்கச் சதையில் நீர் குறைந்து எண்ணெய் ஏறுகிறது அல்லவா, அதைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். தோலுக்குக் கீழே கொஞ்ச ஆழம்தான் எட்டும்.

டிவி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்குங்கள். பல கைப்பேசிகளில் ஊதாப் பொட்டு மினுக்கும். பெரும்பாலும் அது 940 நானோமீட்டர் ஒளி. 1,100-ஐத் தாண்டினால் கைப்பேசிக் கேமராவின் சிலிக்கான் சில்லுக்குக் கண் தெரியாது. அதற்கு மேல் பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற வேறொரு குறைக்கடத்தியைத் தனியாக வளர்த்து, பிக்சல் பிக்சலாக இண்டியப் பொட்டு வைத்துச் சிலிக்கான் சில்லோடு ஒட்டுகிறார்கள். விலை ஏறுவது அங்கேதான்.

குவாண்டம் புள்ளியோ மை மாதிரி. ஈய சல்பைடுத் துகள்களைத் திரவத்தில் வளர்த்து, சில்லின் மேலேயே பூசிவிடலாம். துகளின் அளவுதான் சூட்சுமம். எலக்ட்ரானை அடைக்கிற இடம் சிறுத்தால் அதை எழுப்ப அதிக ஆற்றல் வேண்டும். அதனால் 3 நானோமீட்டர் துகள் சிலிக்கானின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். 6 நானோமீட்டர் அளவுக்கு வளர்ந்தது 1,500-க்கு அப்பாலும் பார்க்கும். பொருள் ஒன்றேதான்! இந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து, தரமாக வளர்க்க வழி செய்த எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இன்னொன்று சொன்னால் அப்பா சந்தோஷப்படுவார். வளரும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது பெரும்பாலும் ஒலேயிக் அமிலம். பாமாயிலில் ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். ஆனால் சென்சாராகும்போது அந்த நீண்ட சங்கிலி மின்சாரத்துக்குக் குறுக்கே நிற்கும். அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான மூலக்கூறு ஒன்றை மாட்டுவார்கள். காற்றுப் பட்டால் துகள் கெடும், ஈயம் நஞ்சு. இந்த இரண்டும் இன்னும் தலைவலிதான்.

இந்தக் கேமரா ஆலை வாசலில் மட்டும் வந்தால் கூலி பிடிக்கத்தான் உதவும். மரத்தடியில், வெட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை அப்பாவின் கண்தான். தரையில் எத்தனை உதிரிப்பழம் கண்டால் அரிவாளைத் தூக்குவார்? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்