வாகனக் கேள்வி பதில்: பழைய டிஸ்கவரி வாங்கலாமா?

கேள்வி: டெல்லியிலிருந்து வந்த 2011 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 லிட்டர் டீசல், 1,10,000 கி.மீ. ஓடியது விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கோவை

பதில்: பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் மீது டெல்லியில் வந்த கெடுபிடியால்தான் இவை மலிவாகத் தெற்கே வருகின்றன. அதற்காக வண்டியே மோசம் என்று சொல்லிவிட முடியாது. லெதர் சீட்டைப் பார்த்து மயங்காமல் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

இந்த வி6 எஞ்சினுக்குப் பெரிய கண்டம், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட். அதைத் தாங்கும் மெயின் பேரிங் ஷெல்கள் நகராமல் பிடித்து நிறுத்தத் தனிக் காது கிடையாது. இறுக்கத்தால் மட்டுமே நிற்கின்றன. ஷெல் சுழன்றுவிட்டால் ஆயில் துளை அடைபடும், அந்த இடம் காய்ந்து சூடேறும், கடைசியில் கிராங்கே முறியும். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. ஆகவே ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கி.மீ., எது முந்துகிறதோ அப்போது மாற்றிய வண்டியாக இருந்தால் மேலே பேசலாம். பில் இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது. உரிமையாளர் சம்மதித்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால் அந்த எஞ்சின் வேண்டாம். பார்க்கப் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிட்டு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட். கிலோமீட்டர் குறைவு என்ற சமாதானம் இங்கே செல்லாது; ரப்பருக்கு வயதுதான் கணக்கு, 7 ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும். முன்பக்கம் இருக்கும் இந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் சேதமாகும். எஞ்சினின் பின்பக்கம் டீசல் பம்ப்பை ஓட்டும் சின்னப் பெல்ட் ஒன்று உண்டு. அது அறுந்தால் எஞ்சின் கெடாது, ஆனால் ஓடும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். கை வைக்கச் சிரமமான இடம் என்பதால் பல மெக்கானிக்குகள் அதைத் தொடுவதில்லை. இரண்டு பெல்ட், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தாங்கும் உருளையான ஐட்லர் எல்லாம் ஒரே பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, 15 ஆண்டுப் பதிவு முடியும் தேதி ஆகியவற்றையும் விலை பேசும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் என் டிஸ்கவரி தாழ்ந்து கிடக்கிறது. சஸ்பென்ஷன் எச்சரிக்கையும் வருகிறது. கம்ப்ரஸர் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம். இந்த வண்டி நிற்பது கம்ப்ரஸர் காற்று நிரப்பும் ரப்பர் ஸ்பிரிங்குகளில். பெரும்பாலும் அந்தக் காற்று எங்கோ கசிகிறது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் கம்ப்ரஸர் தேய்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

முதலில் கசியும் மூலையைக் கண்டுபிடியுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்தி வைத்த வண்டி இடையிடையே தானாக விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். அதனால்தான் நான்கும் இறங்கியதுபோலத் தெரிகிறது. இரவு சஸ்பென்ஷன் கன்ட்ரோலரின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து குறித்து வையுங்கள். காலையில் மறுபடி அளந்தால் குற்றவாளி அகப்படுவான். ஒரே மூலை இறங்கினால் ஏர் ஸ்பிரிங் அல்லது அதற்குப் போகும் குழாய் இணைப்பு. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் அவற்றுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் முன் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். பிறகு வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, ஸ்பிரிங் ரப்பரின் மடிப்பிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஸ்டாண்ட் வைக்காமல் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கையோ தலையோ நுழைக்கக் கூடாது. காற்று இறங்கினால் வண்டி மேலே உட்கார்ந்துவிடும்.

கம்ப்ரஸரையே மாற்ற நேர்ந்தால், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேவையும் கூடவே மாற்றுங்கள். பழைய ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும். அதோடு இருக்கும் ட்ரையரில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தால் ஈரம் உறிஞ்சும் மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பொடி வால்வுகளையும் அடைக்கும்.

காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வண்டியை ஏற்றி இறக்கும் வசதி போய்விட்டால் இந்த வண்டியை வைத்திருப்பதில் பாதி அர்த்தம் போய்விடும்.

கேள்வி: மழைக்குப் பிறகு என் டிஸ்கவரியில் ஒரே நேரத்தில் ஆறேழு எச்சரிக்கை விளக்குகள். ஹேண்ட் பிரேக் போட்டால் கிறீச்சிடுகிறது.
– வாசகர், சென்னை

பதில்: ஆறேழு பாகம் ஒரே நாளில் கெடாது. பேட்டரியைச் சோதியுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். அது சரியென்றால் முன்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் ஒயர் இணைப்புகளில் இறங்கும். நெகிழ்வான நைலான் கம்பியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஏர் கன் வேண்டாம், குழாய் உள்ளுக்குள் கழன்றுவிடும்.

ஹேண்ட் பிரேக் சத்தத்துக்குக் காரணம் பின் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் டிரம் ஷூக்கள் தேய்ந்து இடைவெளி கூடியதுதான். கேபிளை இழுக்கும் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஷூவைச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்யும் வரை சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சத்தத்தோடு போட்டுக்கொண்டே இருந்தால் மோட்டார் யூனிட்டே போய்விடும்.

கேள்வி: டிஸ்கவரியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாமாமே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மாற்ற வேண்டும். 6 கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஃபில்டரும் சேர்ந்தே வருவதால் முழுப் பேனையும் மாற்றுவார்கள். ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, வண்டி சமமாக நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்து நிரப்பினால் குறைவாகவே நிற்கும். பிறகு கியர் மாறும்போது இழுவை வரும்.