காருக்கு கோல்டு ஏர் இன்டேக்கை நாமே மாட்டிக்கொள்ளலாமா? மாட்டினால் பிக்கப் கூடுமா? இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

மாட்டலாம். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, வெளியே இருக்கிற குளிர்ந்த காற்றை என்ஜினுக்கு இழுத்துவர மாட்டுகிற பைப்பும் ஃபில்டரும்தான் கோல்டு ஏர் இன்டேக். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்துவிட்டு ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலைதான். பிக்கப் கூடுமா என்று கேட்டீர்கள். சத்தம் கூடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு பிக்கப்பும் கூடிவிட்டதாக நாமே நினைத்துக்கொள்வோம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி 2009 மாடல் ஹோண்டா சிவிக், 1.8 பெட்ரோல், மேனுவல். கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கின ஆறாவது மாதமே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ கழற்றிப்போட்ட ஒரு கிட் 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு அலுமினியப் பைப், கூம்பு வடிவ ஃபில்டர், இரண்டு சிலிகான் ஜாயின்ட், நாலு கிளாம்ப், அவ்வளவுதான். கம்பெனி பெயர் எதுவும் கிடையாது. சிவப்புக் கலர் மட்டும் பிரமாதமாக இருந்தது.

வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருக்கிறார். பைப்பை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, கோல்டு ஏர் இன்டேக்க கம்பெனிக்காரனே மாட்டித்தானே குடுத்திருக்கான்? இது எதுக்கு?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று பிறகுதான் விளங்கியது.

பானட்டைத் திறந்து உங்கள் வண்டியின் ஏர் ஃபில்டர் டப்பாவைப் பாருங்கள். அதன் வாய் என்ஜின் பக்கம் திரும்பியிருக்காது. முன்பக்கமாக நீண்டு வெளிக்காற்றை இழுக்கிற மாதிரிதான் பெரும்பாலான வண்டிகளில் வைத்திருப்பார்கள். காற்று சூடாக ஆக அடர்த்தி குறையும் என்பது கார் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? கம்பெனி அமைப்பில் இரண்டு விஷயத்தில்தான் விட்டுக்கொடுத்திருப்பார்கள். ஒன்று, சத்தத்தை அடக்க ரெசொனேட்டர் என்று ஒரு காலி டப்பாவை வழியில் சேர்த்திருப்பார்கள். இன்னொன்று, தூசியைப் பிடிக்க நெருக்கமான காகித ஃபில்டர் போட்டிருப்பார்கள். நாம் 7,000 ரூபாய் கொடுத்து வாங்குவது இந்த இரண்டையும் கழற்றிப்போடுகிற உரிமையைத்தான்.

என்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 1,799 சிசி என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 6,300 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,600 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் அளந்தால் 280 கேன், ஒரே நிமிடத்தில். இந்த வேகத்தில்தான் பைப்பின் வளைவும் ஃபில்டரின் தடையும் கொஞ்சம் கணக்குக்கு வரும். நாம் அவினாசி ரோட்டில் 2,000 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போகிறபோது த்ராட்டில், அதாவது என்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவு, பாதிகூடத் திறந்திருக்காது. அங்கே ஃபில்டர் எதுவாக இருந்தால் என்ன?

மாட்டின கதைக்கு வருகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். இதற்கும், டப்பாவின் போல்ட்டுகளுக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். சில ஹோண்டாக்களில் பேட்டரி கனெக்‌ஷன் போனால் ஸ்டீரியோ கோடு கேட்கும். அந்த நம்பர் கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியையே தூக்கி வெளியே வைத்துவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். பிறகு ஏர் ஃப்ளோ சென்சாரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளக்கின் லாக்கை அமுக்கிவிட்டு இழுங்கள். வால்வ் கவரிலிருந்து வரும் ப்ரீதர் ஹோஸையும் கழற்றிவிட்டால் டப்பா கையோடு வந்துவிடும்.

நிதானமாகச் செய்ய வேண்டியது சென்சாரைப் பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் புதுப் பைப்பில் மாட்டுகிற வேலை. சின்னதாக இரண்டு ஸ்க்ரூதான். ஆனால் உள்ளே இருக்கிற கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு. காற்று அந்தச் சூடான கம்பியைக் குளிர்விக்கிறதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலை அளந்து விடுகிறது. கம்பியைத் தொடக்கூடாது, ஊதக்கூடாது. சென்சார் மேல் இருக்கிற அம்புக்குறி காற்று போகிற திசையைக் காட்ட வேண்டும். அடியில் உள்ள ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் பழைய டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், தேடி எடுங்கள். புதுப் பைப்பின் உள்விட்டம் பழைய இடத்தின் விட்டமேதானா என்றும் அளந்து பாருங்கள். பைப் அகலமாக இருந்தால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகக் காட்டும், பெட்ரோலும் குறைவாக விழும். இதனால்தான் பெயரில்லாத கிட் வேண்டாம் என்கிறேன். அளவு சரியாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஹோண்டாவில் பேட்டரியைக் கழற்றினால் ஐடிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்ற வேண்டிய வேகத்தை, கம்ப்யூட்டருக்குத் திரும்பப் பழக்க வேண்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப் செய்து 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிற வரை பிடித்து, பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். செய்தேன். சத்தம் அருமை. வாளையார் வரை ஒரு ரவுண்டு போனேன். திரும்பி வரும்போது செக் என்ஜின் லைட் எரிந்தது, சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கியது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கிற ஓபிடி ரீடரைச் சொருகிப் பார்த்தால் பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

ஓரங்கட்டி பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டபோது த்ராட்டில் பாடிக்குப் பக்கத்தில் 'இஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். மேலே பார்க்க ஜாயின்ட் கச்சிதமாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். சிலிகானின் விளிம்பு ஒரு இடத்தில் உள்பக்கமாக மடிந்து கிடந்தது, நகத்தின் அகலம்கூட இருக்காது. சென்சாரைத் தாண்டின பிறகு அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கிளாம்பை லூஸ் செய்து, விளிம்பை நேராக்கி, திரும்ப முறுக்கினதும் முள் ஆடாமல் நின்றது. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பைப்ப சொருகறதுக்கு முன்னாடி உள்பக்கம் சோப்புத் தண்ணி தடவலீங்ளா?" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அந்த ஓபிடி ரீடர்தான் என் கண்ணையும் திறந்தது. உள்ளே போகிற காற்றின் வெப்பத்தையும் அது காட்டும். பழைய டப்பா இருந்தபோது ஏப்ரல் மத்தியானம் ஹோப்ஸ் சிக்னலில் 46 டிகிரி பார்த்திருக்கிறேன். புது ஃபில்டரோடு அதே சிக்னலில் 67. கூம்பு ஃபில்டர் என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ரேடியேட்டர் தள்ளுகிற சூட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. காற்றின் அடர்த்தியில் இது ஆறு சதவீதம் குறைவு. பெயர் கோல்டு ஏர் இன்டேக், வேலை நேர்மாறு. ஓட ஆரம்பித்தால் வெப்பம் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் நம் ஊரில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தானே அதிகம்?

ரோஷம் வந்துவிட்டது. பைப்பை நீட்டி ஃபில்டரை பம்பருக்குள், இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் இறக்கினேன். சிவிக்கில் அங்கேதான் இடம் இருக்கிறது. முன் சக்கரத்தின் உள்லைனரைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இத்தனை வருட வெயிலில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், தொட்டால் நொறுங்கும். ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். நீட்டுப் பைப்பை லேத் பட்டறையில் வளைத்து வாங்கினேன், 1,200 ரூபாய் ஆனது. வெப்பம் நன்றாகவே குறைந்தது. 33 டிகிரி வெயிலில் ஓடும்போது 37, 38 காட்டியது. உண்மையான கோல்டு ஏர் இன்டேக் இதுதான்.

பிக்கப்? நீலம்பூர் தாண்டி ஆறுவழிச் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்கு, மூன்றாம் கியரில் 60-லிருந்து 100 வர எவ்வளவு நேரம் என்று நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பழைய டப்பாவோடு மூன்று முறை, புதியதோடு மூன்று முறை. வித்தியாசம் பத்தில் ஒன்றிரண்டு வினாடி. அவன் பட்டனை அமுக்குவதிலேயே அந்த வித்தியாசம் வரும். மைலேஜிலும் ஒரு மாற்றமும் இல்லை.

ஐப்பசி மழை வந்தது. லங்கா கார்னர் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும் என்று கோயம்புத்தூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு முன்னால் போன இரண்டு ஆட்டோவும் தாண்டிவிட்டன, நானும் இறங்கினேன். எதிரே வந்த டவுன் பஸ் கிளப்பிய அலை பம்பருக்கு மேலே ஏறி அடித்தது. என்ஜின் ஒரு நொடி திணறியது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பின்னால் ஹாரன் அடித்தவர்களே இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள்.

இந்த என்ஜினின் கம்ப்ரஷன் 10.5-க்கு 1. அதாவது பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஒரு சிலிண்டரில் மிச்சமிருக்கும் இடம் 47 மில்லிதான், டீக்கடை கிளாஸில் பாதி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போனாலும் பிஸ்டனுக்கு மேலே வர வழியில்லை. தண்ணீர் காற்று மாதிரி அமுங்கிக் கொடுக்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தோம். தண்ணீர் வரவில்லை. ஃபில்டரைப் பிழிந்தால் காப்பிக் கலரில் சேறு வழிந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பழைய டப்பா எங்கே என்று மட்டும் கேட்டார். பரணில் இருந்தது. அன்று மாலையே மாட்டிவிட்டார்.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கே அண்டு என் போன்ற கம்பெனிகளின் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது வசதிதான். ஆனால் கழுவின பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அது காற்றோடு போய் அந்த மெல்லிய சென்சார் கம்பியில் படியும். என் கூம்பு ஃபில்டர் விஷயம் வேறு. கழற்றின பிறகு பைப்பின் உள்பக்கத்தை ஒரு வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தேன். துணியில் விபூதி மாதிரி சாம்பல் நிறப் பொடி. ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி அது. சிமென்ட் ஆலை இருக்கிற மதுக்கரைப் பக்கம் தினமும் போய்வருகிற வண்டி வேறு. பழைய டப்பாவில் அதே இடத்தைத் துடைத்தால் துணி துணியாகவே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஏர் ஃபில்டருக்காக பானட்டைத் திறந்து பார்த்த போலீஸ்காரரை நான் சந்தித்ததில்லை. ஆனால் என்ஜினில் தண்ணீர் புகுந்து இன்சூரன்ஸ் க்ளெய்முக்குப் போனால் சர்வேயர் முதலில் பார்ப்பது பானட்டுக்குள்தான்.

காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ உள்ள வண்டி வைத்து, என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றுகிற ஈசியூ ரீமேப்பும் செய்யப்போகிறீர்கள் என்றால் என் கணக்கெல்லாம் மாறும். அங்கே இன்டேக்குக்கு வேலை இருக்கிறது. சாதாரண பெட்ரோல் வண்டிக்கு, சத்தம்தான் வேண்டும் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டு மாட்டுங்கள். நானும் மாசியில் மாட்டி, மழைக்கு முன்னால் கழற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பைப்பும் ஃபில்டரும் இப்போது பரணில், டப்பா இருந்த அதே இடத்தில் கிடக்கின்றன. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடப் போகிறார்கள் என்று ஒரு மூட்டையில் கட்டி மேலே 'கார் சாமான்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.