‘டிப்ஸிலேயே ஆயிரம் டாலர் வரும்’ என்கிறார் ஏஜென்ட்

சொகுசுக் கப்பல் வேலை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் சம்பளம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேரில் பலர் டிப்ஸ் பற்றி. பதில் சொல்பவர் கப்பல் டைனிங் ஹாலில் பல காலம் வேலை பார்த்தவர்.

கேள்வி: என் மகன் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு உள்ளூர் ஹோட்டலில் 14 ஆயிரம் சம்பளத்தில் இருக்கிறான். கப்பலில் அசிஸ்டென்ட் வெய்ட்டர் வேலை இருக்கிறது, சம்பளம் 500 டாலர், டிப்ஸ் தனியாக ஆயிரம் டாலர் வரும் என்கிறார் ஒரு ஏஜென்ட். இரண்டரை லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கட்டலாமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

நகையை வைக்காதீர்கள் அம்மா. வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் பணியாளரிடம் கமிஷன் வாங்கவே கூடாது என்பது சட்டம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-ல் ஒன்று போட்டார்கள், 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி உங்கள் மகன் தன் கைக்காசில் செய்யவேண்டியது மெடிக்கல் சர்டிஃபிகேட், சி.டி.சி. எனும் கப்பல் பணிப் பதிவுப் புத்தகம், பாஸ்போர்ட், அவ்வளவுதான். விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. நடைமுறையில் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கப்பல் பயிற்சி விதிப்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் பையன்தான் பணம் கட்டவேண்டி வரும், ஆனால் அதை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்கலாம். அப்புறம் அந்த ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். நம்பர் கேளுங்கள். மும்பையில் இருக்கும் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் லைசென்ஸ் அது, அவர்கள் இணையதளத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியலே இருக்கிறது. நம்பர் சொல்லத் தயங்கினாலோ, ‘மும்பை ஆபீஸ் பார்த்துக்கும்’ என்று இழுத்தாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். ஆயிரம் டாலர் டிப்ஸ் ‘தனியாக’ வருவது பெரும்பாலான பெரிய கப்பல்களில் பழைய கதை. முன்பெல்லாம் பயணத்தின் கடைசி இரவில் கவர் கொடுப்பார்கள், நல்ல வெய்ட்டருக்குக் கவர் கனமாக இருக்கும். இப்போது பயணியின் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாக ஏறிவிடுகிறது, அது ஒரு பொதுக் குளத்தில் சேர்ந்து பிரிகிறது. பல கம்பெனிகளில் ஒப்பந்தத்தில் ‘உத்தரவாதத் தொகை’ என்று ஒன்று எழுதியிருக்கும், அந்தத் தொகைக்குள்ளேயே டிப்ஸ் பங்கும் அடக்கம். அதாவது உத்தரவாதம் 1,200 டாலர், அடிப்படைச் சம்பளம் அதில் ஒரு சின்னப் பகுதி, மீதியைப் பயணிகளின் காசு நிரப்புகிறது, அது குறைந்தால்தான் கம்பெனி தன் பையில் கை விடும். கம்பெனி கொடுக்கவேண்டிய சம்பளத்தைப் பயணியிடம் வசூலித்துக் கொடுப்பதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என் கணக்கில் விஷயம் இவ்வளவுதான்.

ஆகவே ஏஜென்ட் சொல்லும் இரண்டு எண்ணையும் விட்டுவிட்டு, ஒப்பந்தத்தாளில் உத்தரவாதத் தொகை எவ்வளவு, டிப்ஸ் அதற்கு உள்ளேயா மேலேயா, எத்தனை மாத காண்ட்ராக்ட், இந்த மூன்றை மட்டும் பாருங்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாதம் 1,200 டாலர், 9 மாதம் என்றால் 10,800. அதற்கப்புறம் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், அப்போது பெரும்பாலும் சம்பளம் கிடையாது, விடுப்புச் சம்பளத்தை மாதத் தொகைக்குள்ளேயே சேர்த்துவிட்டோம் என்பார்கள். ஆக 11 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 980 சொச்சம். ஒரு நாளைக்கு 11 மணி நேரம், வார லீவு இல்லாமல் என்று வைத்தால் மணிக்கு மூன்றரை டாலர் சொச்சம். தஞ்சாவூர் 14 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான், சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்பதால் மிச்சமும் பிடிக்கலாம், போகவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டரை லட்சம் கடனை அடைக்கவே முதல் சில மாதம் போய்விடும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் எங்களை அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு அழைக்கிறாள். டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலருக்கு மேல் டிப்ஸ் என்று போட்டிருக்கிறதாம். கவுன்ட்டரில் சொன்னால் எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டு, நமக்கு வேலை செய்தவர் கையில் நேரடியாகக் கொடுத்தால் அவருக்கு முழுசாகப் போகுமே?
— மயிலாப்பூர் வாசகர்

நல்ல மனசில்தான் கேட்கிறீர்கள், ஆனால் எடுக்காதீர்கள் சார். நீங்கள் பார்ப்பது ரூமைச் சுத்தம் செய்பவரையும் பரிமாறுபவரையும்தான். கீழே லாண்டரியில் நிற்பவர், கிச்சனில் பாத்திரம் தேய்ப்பவர் இவர்களுக்கும் பல கம்பெனிகளில் அந்தக் குளத்திலிருந்துதான் பங்கு. சில கம்பெனிகளில் இன்னொரு விதியும் உண்டு: பயணி தானியங்கி டிப்ஸை எடுத்துவிட்டால், அவர் கையில் கொடுத்த ரொக்கத்தையும் பணியாளர் குளத்தில் போட்டாகவேண்டும். தானியங்கி டிப்ஸை எடுக்காமல் அதற்கு மேலே கொடுப்பது மட்டும்தான் பணியாளரின் சொந்தக் காசு.

பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் இன்று சாதாரண அறைக்கு ஆளுக்குத் தினம் 16 முதல் 20 டாலர் வாக்கில். நான்கு பேர், 7 இரவு என்றால் 448-ல் ஆரம்பித்து 560 வரை போகும். டிக்கெட் விலையில் இதைச் சேர்க்காமல் விளம்பரம் செய்வதால்தான் உங்களுக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயம், ஆனால் அது கம்பெனி மேல் வரவேண்டிய கோபம். சேர்த்து விற்க முடியாது என்றில்லை, பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே முதல் தனி டிப்ஸை நிறுத்திக் கட்டணத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. இன்னொன்று, பார் பில்லில் 18 முதல் 20 சதவீதம் ஏற்கெனவே ஏறியிருக்கும், அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு கோடு காலியாக இருக்கும். அதை நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை.

காசு செலவில்லாத ஒரு உதவியும் இருக்கிறது. பயணம் முடிந்ததும் கருத்துக்கேட்பு படிவம் வரும், அதில் நன்றாகக் கவனித்தவரின் பெயரைச் சரியாக எழுதுங்கள். அடுத்த காண்ட்ராக்ட், பிரமோஷன் இதற்கெல்லாம் மேலதிகாரிகள் அதைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக இருக்கிறார். தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாத வேலை, 8 மாதமாக ஒரு நாள்கூட முழு லீவு இல்லை என்கிறார். மியாமியிலிருந்து கிளம்பும் கப்பல்தானே, அமெரிக்கச் சட்டம் கேட்காதா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

கேட்காது என்பதுதான் கசப்பான பதில். கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைவிட எந்த நாட்டுக் கொடி கட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்த விஷயத்தில் முதலில் பார்ப்பார்கள். மியாமியில் நிற்கும் பெரிய கப்பல்களில் பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகள்தான் அதிகம், அதனால் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி இவர்களுக்குக் கிடையாது. அமெரிக்கா நான் மேலே சொன்ன உடன்படிக்கையிலும் சேரவில்லை. ஆனால் கொடி நாடுகளான இந்த மூன்றும் சேர்ந்திருக்கின்றன, அது உங்கள் வீட்டுக்காரருக்குப் பயன்படும். ஸ்டூவர்ட், குக், பாத்திரம் தேய்ப்பவர் எல்லோரும் அந்தச் சட்டப்படி ‘கடலோடி’தான், மாலுமிக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு.

அதில் வேலை நேரக் கணக்கு இப்படி: சம்பளக் கணக்குக்கு அடிப்படை 8 மணி நேர நாள், வாரம் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் செய்வது ஓவர்டைம், அதைத்தான் மொத்தத் தொகைக்குள் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். உச்சவரம்பு தனி. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, எந்த 7 நாளிலும் 77 மணி ஓய்வு கிடைக்கவேண்டும். அந்த 10 மணியை இரண்டு துண்டாக்கலாம், அதற்கு மேல் கூடாது, ஒரு துண்டாவது தொடர்ச்சியாக 6 மணி இருக்கவேண்டும். ஆக 12 மணி நேர வேலை சட்டத்துக்கு உட்பட்டதுதான். மனுஷன் 8 மாதம் அப்படி வேலை செய்து களைத்துப்போவதைச் சட்டம் அனுமதிக்கிறது, என்ன செய்வது.

ஆனால் வரம்பு மீறுகிறது என்றால் நிரூபிக்க வழி இருக்கிறது. ஓய்வு நேரப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடவேண்டும், அதன் நகல் அவருக்குக் கொடுக்கவேண்டும். ‘எல்லாம் சரியா இருக்கிற மாதிரி போடு’ என்று சூப்பர்வைசர் சொல்வதும், பயந்து இவர்கள் போடுவதும் சகஜம். பயணிகள் இறங்கி அடுத்த கூட்டம் ஏறும் நாளில்தான் கணக்கு அதிகம் உதைக்கும், அன்று காலையிலிருந்து ரூம் ரூமாக ஓட்டம்தான். அவர் தன் போனில் உண்மையான நேரத்தைத் தினமும் குறித்து வைக்கட்டும். கப்பலிலேயே புகார் கொடுக்கும் முறை இருக்கவேண்டும், கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. அதில் நம்பிக்கை இல்லையென்றால் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், அதாவது ஐ.டி.எஃப். இன்ஸ்பெக்டர்கள் பல நாட்டுத் துறைமுகங்களில் இருக்கிறார்கள்.

வைஃபைக்குக் காசு அதிகம் வாங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த உடன்படிக்கையில் 2024 டிசம்பரில் வந்த திருத்தப்படி கப்பலில் இணைய வசதி கொடுக்கவேண்டும், கட்டணம் இருந்தால் நியாயமானதாக இருக்கவேண்டும். எவ்வளவு நியாயம் என்று எண் போடவில்லை, அங்கேதான் ஓட்டை.

கேள்வி: கப்பல் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்கிறார்களே, உண்மையா?
— சேலம் வாசகர்

வெளிநாட்டுக் கப்பலில் சம்பாதித்து, அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்றால், என்.ஆர்.இ. கணக்கில், அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கில் வந்த சம்பளத்துக்கு வரி இல்லை, 2017-ல் வருமான வரித்துறைச் சுற்றறிக்கையே வந்தது. வலை எங்கே என்றால், டிசம்பரில் ஏறி ஆகஸ்டில் இறங்கினால் காண்ட்ராக்ட் மார்ச் 31-ல் இரண்டாக வெட்டுப்படும், எந்த ஆண்டிலும் நாள் கணக்கு தேறாமல் போகலாம். சி.டி.சி.யில் உள்ள ஏறிய, இறங்கிய தேதிகளை வைத்து முன்கூட்டியே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: காண்ட்ராக்ட் நடுவில் உடம்பு முடியாமல் போய் அனுப்பிவிட்டால் சம்பளம் அவ்வளவுதானா?
— நாகர்கோவில் வாசகர்

இல்லை. வேலைக்காலத்தில் வந்த நோய், காயம் என்றால் சிகிச்சையும் திரும்பும் டிக்கெட்டும் கம்பெனி செலவு. இறக்கிவிட்டபின் குணமாகும்வரை சம்பளமும் உண்டு, முழுசாகவோ பகுதியாகவோ என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. குணமாகாதவரை இந்தப் பொறுப்பைக் கம்பெனி 16 வாரம் முடியும் முன் நிறுத்தக் கூடாது. இறங்கும் முன் கப்பல் மெடிக்கல் சென்டரில் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், ஊருக்கு வந்தபின் மெயில் போட்டு அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.