புது வண்டியில் எதை முதலில் மாற்றுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்ட்ரீட் பைக் ஒன்று வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சைலன்சர், ஹேண்டில்பார், பின்டயர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆசையில் தவறில்லை. ஆனால் முதல் சர்வீஸ் முடியும்வரை எந்தப் பாகத்தையும் கழற்றாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தில்தான் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படிகின்றன, பிரேக் பேடுகள் டிஸ்க்கோடு இழைகின்றன, புதுச் செயின் சற்றுத் தளர்ந்து தன் நிலைக்கு வருகிறது. தயாரிப்பில் குறை ஏதேனும் இருந்தால் அது தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேதான். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் வாரண்டியில் சரிசெய்து தருமாறு கேட்பது எளிது. வயரிங்கை ஏற்கெனவே வெட்டி ஒட்டியிருந்தாலோ, கோளாறு எதனால் வந்தது என்ற வாதத்திலேயே நாட்கள் ஓடிவிடும்.

காத்திருக்கும் நாட்களில் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: வண்டியை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது. சீட்டில் உட்கார்ந்து கைகளை நீட்டிப் பாருங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருந்து, விரல்கள் லீவரின் மேல் இயல்பாக விழவேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் லீவரைச் சற்றுக் கீழே திருப்பினால் போதும். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஹேண்டில்பாரையே மாற்றியவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்தது பின்பக்க ஷாக் அப்சார்பர். பின்சக்கரம் தரையில் படாமல் முழுவதும் தொங்கும்போது, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் குறித்துக்கொண்ட புள்ளிவரை அளந்து எழுதுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் நீங்கள் உட்கார, வேறொருவர் அதே தூரத்தை மறுபடி அளக்கட்டும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அதைவிடக் கூடுதலாக அமுங்கினால் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை (முன்கூட்டியே அதை அழுத்தி வைக்கும் அளவு) ஏற்றவும், குறைவாக அமுங்கினால் இறக்கவும் வேண்டும். கடைசி எல்லைவரை ஏற்றியும் இந்த அளவு வரவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதவில்லை என்று பொருள். புது ஷாக் அப்சார்பர் வாங்க அப்போதுதான் காரணம் கிடைக்கிறது.

மாற்றங்களின் வரிசை பற்றி என் கருத்து இது: கை, கால், இருக்கை ஆகிய உடம்பு தொடும் இடங்கள் முதலில், டயர், பிரேக், சஸ்பென்ஷன் அடுத்து, தோற்றம் அதன்பின், பவர் கடைசியில். எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 200 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி ஆடுகிறது என்று வந்தால், காரணம் எது என்று எந்த மெக்கானிக்காலும் உடனே சொல்ல முடியாது.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் பவர் கூடும் என்கிறார்கள். இசியுவையும் (எரிபொருளை அளந்து கொடுக்கும் இன்ஜின் கணினி) ரீமேப் செய்யவேண்டுமா, அதாவது அதில் பதிந்த கணக்கை மாற்றி எழுதவேண்டுமா?

பதில்: கடைசியில் உள்ள குழலை மட்டும் மாற்றுவது ஒன்று, இன்ஜினிலிருந்து தொடங்கும் முழுக் குழாய்த்தொகுதியையும் மாற்றுவது இன்னொன்று. முதல் வகையில் பெரும்பாலும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் இடத்திலேயே இருந்துவிடுகிறது. பெட்ரோல்–காற்றுக் கலவை அதிகம் மாறாததால் பொதுவாக ரீமேப் தேவைப்படாது. அதில் கிடைப்பது எடைக்குறைவும் வேறு ஒலியுமே. பவர் கூடினாலும் ஓட்டும்போது உணரும் அளவுக்கு இருப்பது அரிது. சில வண்டிகளில் கன்வெர்ட்டர் கடைசிக் குழலுக்குள்ளேயே இருக்கும் என்பதால் வாங்குமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

முழுத்தொகுதியை மாற்றினால் கதை வேறு. சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டி இசியு கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். த்ராட்டிலை முழுவதும் திருகும்போதோ, அது சென்சாரை விட்டுவிட்டுத் தன்னிடம் பதிந்துள்ள கணக்கின்படி எரிபொருளைத் தெளிக்கிறது. அந்தக் கணக்கு பழைய குழாய்க்குப் போட்டது. புதுக் குழாயில் காற்று கூடுதலாகப் போகும்போது பெட்ரோல் பற்றாமல், அதிகச் சூடு தாங்கவேண்டிய நேரத்திலேயே இன்ஜின் காய்கிறது. ஆகவே ரீமேப் செய்தே ஆகவேண்டும். அதையும் வண்டியை டைனோவில் (பவரை அளக்கும் கருவி) ஏற்றி அளந்து செய்யவேண்டும். கன்வெர்ட்டரை நீக்குவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதை எடுத்தபின் வரும் புகையைச் சாலையில் நமக்குப் பின்னால் வருபவர்கள்தான் சுவாசிக்கவேண்டும் என்பதால், எடுக்கவேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பின்டயர் 140/70–17. பார்வைக்கு அகலமாக இருக்க 150/60–17 போடலாமா?

பதில்: முதல் எண்ணான அகலத்தில் 10 மில்லிமீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றும், ஆனால் இரண்டாவது எண்ணையும் பாருங்கள். அது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 140இல் 70 சதவீதம் 98 மில்லிமீட்டர். 150இல் 60 சதவீதம் 90. ஆக சக்கரத்தின் விட்டம் 16 மில்லிமீட்டர் சுருங்கி, வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்குகிறது. பின்பக்கம் இறங்கினால் முன்ஃபோர்க் சற்றே சாய்ந்து, திருப்பத்தில் வண்டி சோம்பலாக விழும். சக்கரத்தின் சுற்றளவும் சுமார் இரண்டரை சதவீதம் குறைவதால், வேகத்தைப் பின்சக்கரத்திலிருந்து கணக்கிடும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் அந்த அளவு கூட்டிக் காட்டும். ரிம் அகலம் போதாவிட்டால் டயரின் ஓரங்கள் உள்ளே நெருக்கப்பட்டு, நடுவில் கூம்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் சாலையைத் தொடவே தொடாது. அதே அளவில் இன்னும் நல்ல ரப்பர் உள்ள டயரைப் போடுங்கள். ஈரச்சாலையில் முதல் பிரேக்கிலேயே வேறுபாடு தெரியும்.

கேள்வி: எல்இடி இண்டிகேட்டர் மாட்டியதிலிருந்து வேகவேகமாகச் சிமிட்டுகிறது. ஏன்?

பதில்: பழைய பல்புகள் ஒவ்வொன்றும் 10 வாட் அளவில் மின்சாரம் எடுத்தவை, எல்இடிக்கு ஒன்றிரண்டு வாட் போதும். மின்னோட்டம் குறைந்ததும் ஒரு பல்பு ஃப்யூஸ் போய்விட்டது என்று, விளக்கைச் சிமிட்டவைக்கும் ஃப்ளாஷர் ரிலே எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிவிக்கவே வேகமாகச் சிமிட்டுகிறது. எல்இடிக்கு உரிய ரிலேயை மாற்றுவதே சரியான வழி. பழைய பல்பின் அளவுக்கு மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர் இணைப்பதும் உண்டு, ஆனால் 12 வோல்ட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, விளக்கு எரியும் நேரத்தில் 14 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும். பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ அது ஒட்டியிருக்கக்கூடாது.

கேள்வி: உயரமான ஹேண்டில்பாரை நானே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். நான் முதன்முதலில் மாட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். பழையதைவிட 5 சென்டிமீட்டர் உயர்ந்த பார். நேர்ச்சாலையில் அருமையாக இருந்தது. ஒரு குறுகிய இடத்தில் மெதுவாக வண்டியைத் திருப்ப ஹேண்டிலை முழுவதும் ஒடித்தபோது, நான் த்ராட்டிலைத் தொடாமலேயே இன்ஜின் உறுமி வண்டி முன்னே பாய்ந்தது. நீளம் போதாத த்ராட்டில் கேபிள் இழுபட்டுத் தானாகவே திறந்திருந்தது. கிளட்சைப் பிடித்ததால் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.

அதனால் மாட்டி முடித்ததும், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்புங்கள். சத்தம் சிறிதளவு ஏறினாலும் நீளமான கேபிள் போடாமல் சாலையில் இறக்கக்கூடாது. பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, பார் டேங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். அது பாரில் உள்ள துளைக்குள் உட்காரவேண்டும். புதுப் பாரில் துளை இல்லை என்று பலர் முளையை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் த்ராட்டிலைத் திருகும்போது பெட்டியே சேர்ந்து சுழலக்கூடும். பொறுமையாக இடத்தைக் குறித்து, பாரில் துளையிடுங்கள். கிளாம்ப் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கழற்றிய பழைய பாரை அதன் போல்ட்டுகளோடு துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது அதையும் கேட்பார்கள்.