அப்பா இப்போது எந்த டாக்டரின் பொறுப்பில் இருக்கிறார்?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. கீழே விழுந்து இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்ததால் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சர்க்கரை நோய் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். எலும்பு, இதயம், சர்க்கரை, மயக்க மருந்து என நான்கு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அறுவை சிகிச்சை எப்போது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். யார்தான் பொறுப்பு?
வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தை யாருடைய பெயரில் அட்மிட் ஆகியிருக்கிறாரோ, அந்த மருத்துவரும் அவருடைய குழுவும்தான் முதன்மைப் பொறுப்பாளர்கள். கேஸ் ஷீட்டின் (சிகிச்சைக் குறிப்பேட்டின்) முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது எலும்பு மருத்துவராகவே இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதே பொறுப்பு, அன்றைய அட்மிஷன் எந்த யூனிட்டுடையதோ (மருத்துவர் குழுவுடையதோ) அதன் தலைமை மருத்துவரிடம் இருக்கிறது. மற்றவர்கள் ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர்கள். ஆலோசனை சொன்னதால் மட்டும் பொறுப்பு கைமாறிவிடாது. கலந்தாலோசித்த பிறகும், எதிர்பாராத மாற்றம் ஏற்பட்டால் சிகிச்சையை மாற்றும் முடிவை, நோயாளியைக் கவனித்துவரும் மருத்துவரிடமே இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் விட்டிருக்கின்றன.

உங்களுக்கு இது ஏன் அவசரமான கேள்வி என்பதையும் சொல்ல வேண்டும். குளோபிடோக்ரெலின் தாக்கம் நிறுத்திய பிறகும் 5 முதல் 7 நாட்கள் நீடிப்பதால் ரத்தக்கசிவுக்கு அஞ்சி, மரத்துப்போவதற்கான ஊசியை முதுகில் போட மயக்க மருந்து மருத்துவர் தயங்குவார். மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடுமோ என்று இதய மருத்துவர் அஞ்சுவார். ஆனால் படுத்தே கிடக்கும் முதியவருக்கு நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டி ஆகியவற்றின் ஆபத்து நாளுக்கு நாள் கூடும் என்பதால், இத்தகைய முறிவுக்குச் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்யுமாறு பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு கூறுகிறது. ஒவ்வொருவர் கவலையும் நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் எடைபோட்டு நாள் குறிப்பவர் ஒருவராக இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் காத்திருப்பதே முடிவாகிவிடுகிறது; அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

பிற்பாடு இதயத் தொல்லையே பெரிதாகி இதயப் பிரிவு அவரை ஏற்றுக்கொள்வதானால், ஏற்றுக்கொண்டதாகக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அதுவரை பழைய குழுவே பொறுப்பு. ஐ.சி.யூ.வில் மட்டும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறும்: சிலவற்றில் தீவிர சிகிச்சை மருத்துவரே முழுப் பொறுப்பையும் ஏற்பார், சிலவற்றில் அட்மிட் செய்தவரே தொடர்வார். அங்கே மாற்றும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷர் மருத்துவமனைச் சீர்கேட்டை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ், ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பான மூத்த மருத்துவர் இன்னார் என்று அடையாளம் காட்டும் பழைய வழக்கத்தை மீட்பது பற்றி மருத்துவமனைகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2013இல் பரிந்துரைத்தார். நம் மருத்துவமனைகளிலும் அது கட்டாயமாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இன்றே டியூட்டி டாக்டரிடம், "அப்பாவுக்கு முதன்மை மருத்துவர் யார், அவர் எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார்?" என்று கேளுங்கள். அவர் வரும்போது வீட்டார் சார்பில் ஒருவர் மட்டும் பேசுங்கள். மற்ற மூவரின் கருத்தையும் சேர்த்து அவர் எடுத்த முடிவு என்ன, தாமதமானால் காரணம் என்ன என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் மருத்துவக் கண்காணிப்பாளரைச் சந்தித்து, நால்வரும் கலந்து பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கொடுக்கவோ வேண்டாம்.