எந்த வட்டியில் கணக்குப் போடுகிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவைக்கு அருகே போல்ட், நட்டு செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறேன். என் மைத்துனர்தான் பங்குதாரர். எங்கள் சரக்கில் பாதி ஜெர்மனிக்குப் போகிறது. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்குக் கொடுக்கச் சொல்லி அங்கிருந்து இப்போது கேட்கிறார்கள். அதற்கு ஆள் வைக்க வேண்டும், மின்சாரத்தை மாற்ற வேண்டும், எல்லாம் செலவு. மைத்துனர் மறுக்கிறார். "வெயில் கூடுவது உண்மையாகவே இருக்கட்டும். வரப்போகிற நஷ்டத்தைவிட அதைத் தடுக்க ஆகும் செலவுதான் அதிகம். அவசரம் வேண்டாம் என்று நோபல் வாங்கிய பொருளாதார நிபுணரே சொல்லியிருக்கிறார். முதலில் ஏழைகள் மேலே வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே சண்டைதான். இந்தச் செலவைச் செய்யலாமா, வேண்டாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மைத்துனர் சொல்லும் நிபுணர் வில்லியம் நார்ட்ஹாஸாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச காலமாக நானும் அவரோடுதான் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு நோபல் அறிவிக்கப்பட்டது 2018 அக்டோபர் 8 அன்று. புவி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் என்னென்ன ஆகும் என்ற ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை வெளியானதும் அதே நாளில்தான். நார்ட்ஹாஸின் கணக்கிலோ, செலவையும் நஷ்டத்தையும் தட்டிப் பார்த்தால் 2100இல் சுமார் 3.5 டிகிரி வரை போவதுதான் 'உத்தமமான' பாதை. ஒரே நாளில் உலகத்துக்கு இரண்டு செய்திகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் உங்கள் மைத்துனரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் நார்ட்ஹாஸைப் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார். கார்பனுக்கு வரி போட வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருபவர் நார்ட்ஹாஸ். போதாததற்கு, வெப்பத்தைக் குறைக்க முன்வரும் நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து, சேராத நாடுகளின் சரக்குக்கு எல்லையில் வரி விதிக்க வேண்டும் என்று 2015இல் எழுதியவரும் அவர்தான். வெளியிலிருந்து வரும் சரக்கின் கார்பனுக்கு ஐரோப்பா எல்லையில் போடுகிற வரிதான் உங்களிடம் இந்தக் கணக்கைக் கேட்க வைக்கிறது. அதற்கு அண்ணன் முறையாகிற யோசனை அது. ஒரு நிபுணரின் பெயரைச் சொல்லி வாயை அடைப்பதற்கு முன்னால் அவர் எழுதியதைக் கொஞ்சமாவது படிக்க வேண்டாமா?

ஐரோப்பாவின் வரி நியாயமா என்பது தனிப் பிரச்சினை. இரண்டு நூற்றாண்டுகளாகக் கரியை எரித்துப் பணக்காரர் ஆனவர்கள் இன்று நம்மிடம் கணக்குக் கேட்பது கோபத்தைக் கிளப்பத்தான் செய்யும். இந்தியர் ஒருவரின் பங்கு வருடத்துக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு, அமெரிக்கர் ஒருவருடையது 14 டன்னுக்குப் பக்கம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் பேச விரும்புவது வட்டியைப் பற்றி. தொழில் செய்கிற உங்களுக்கு இது எளிதாகப் புரியும்.

2006இல் நிக்கலஸ் ஸ்டெர்ன் என்ற பொருளாதார நிபுணர் பிரிட்டிஷ் அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார். உலக உற்பத்தியில் வருடத்துக்கு 1 சதவீதம் செலவழித்தால் பெரும் கேட்டைத் தவிர்க்கலாம், தவறினால் 5 முதல் 20 சதவீதம் வரை இழப்போம் என்றார். நார்ட்ஹாஸ் மறுத்தார். இருவரும் நம்புகிற அறிவியல் ஒன்றுதான். ஆனால் வருங்கால நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வட்டியில் கழிப்பது என்பதில் இருவருக்கும் பெரிய இடைவெளி. ஸ்டெர்ன் 1.4 சதவீதத்தில் கழித்தார். நார்ட்ஹாஸ் சந்தையில் பணம் ஈட்டுகிற விகிதத்தை ஒட்டிக் கழிக்க வேண்டும் என்றார்.

நீங்களே போட்டுப் பாருங்கள். நூறு வருடம் கழித்து வரப்போகும் 100 ரூபாய் நஷ்டத்தை 1.4 சதவீதத்தில் கழித்தால் இன்றைக்கு அது சுமார் 25 ரூபாய். அதாவது இன்று 25 ரூபாயை அந்தக் கூட்டு வட்டியில் போட்டுவைத்தால் நூறு வருடத்தில் 100 ஆகும். சந்தையை ஒட்டி 5 சதவீதம் என்று வைத்துக் கழித்தால் 76 பைசா. வெள்ளமும் வறட்சியும் அதேதான், சாகிறவர்களும் அதே ஆட்கள்தான். 25 ரூபாய் நஷ்டம் என்றால் இன்றே செலவு செய்யத் தோன்றும். 76 பைசா என்றால் எழுந்து போய்விடுவோம். 'செலவு அதிகம்' என்று உங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லப்படும் வாதத்தின் உயிர் இந்த வட்டி விகிதத்தில்தான் இருக்கிறது. அதை அளந்து சொல்லும் கருவி கிடையாது. இன்னும் பிறக்காத ஒருவனுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறோம் என்று நாமே முடிவு செய்து எழுதிக்கொள்கிற எண் அது. பின்னால் வருகிறவர்களின் நலனைப் பின்னால் வருகிறது என்பதற்காகவே குறைத்து மதிப்பிடுவதற்கு அறத்தில் இடமில்லை, அது கற்பனைக் குறைவால் வருவது என்று 1928இலேயே பிரிட்டிஷ் கணித அறிஞர் ஃபிராங்க் ராம்ஸே எழுதிவிட்டார். அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பேரன் நம்மைவிடப் பணக்காரனாக இருப்பான், அவனுக்காக இன்றைய ஏழை ஏன் செலவழிக்க வேண்டும் என்பார்கள். எந்தப் பேரன்?

என் பெரியப்பாவுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தோப்பு இருந்த இடத்தில் தோப்பு இல்லை. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் கிடந்தன. பெரும்பாலும் அவர் கையால் வைத்தவை, நாற்பது வயது தாண்டிய நெட்டை மரங்கள். கஜா ஒன்றைத் தனியாகப் பிடித்து இது வெப்பத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கடல் சூடாகச் சூடாகப் புயலுக்குத் தீனி கூடுகிறது என்பது வரை சொல்லலாம், அதுவே போதும்.

அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 500 ரூபாய் மரத்தை அறுத்து அப்புறப்படுத்த. ஆக மரத்துக்கு 600. நல்ல மரம் வருடத்துக்கு எண்பது, நூறு காய் தரும். காய்க்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடக் காய்ப்புக்குக்கூட அந்தத் தொகை கட்டாது. புதிதாக வைக்கும் நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? இன்னொன்றும் உண்டு. விழுந்த மரங்களை அறுத்தவர்களுக்குக் கொடுத்த கூலி அந்த வருடத்து நாட்டு உற்பத்திக் கணக்கில் (ஜி.டி.பி.) கூட்டலாகச் சேரும். நாற்பது வருட மரம் போனது எந்தக் கழித்தலிலும் வராது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் 'செலவா, நஷ்டமா, எது அதிகம்' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். பேராவூரணிப் பையன் தாத்தாவைவிடப் பணக்காரனாக இருப்பான் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பெரியப்பா எழுபதைத் தாண்டியவர். அடுத்த மழைக்கே கன்று வாங்கி வைத்தார். 'தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பார்கள். வரப்பில் பனங்கொட்டையும் ஊன்றினார். வட்டி பார்த்து யாரும் பனை வைத்ததில்லை, எஸ். இந்த மண்ணில் பனையும் ஏரியும் வந்தது தன் ஆயுளுக்குள் திரும்பி வராத செலவைச் செய்தவர்களால்தான். பொருளாதாரம் படிக்காதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியுமா?

அப்புறம், அந்த 'ஏழைகள் மேலே வரட்டும்' என்ற பேச்சு. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த வருடம் டெல்டாவில் கருகிய பயிரைப் பார்த்தபடி நின்றவர் யார்? உங்கள் பட்டறையில் மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே உலை முன் நிற்பவர் யார்? அவரிடம் உங்கள் மைத்துனர் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா? ஏழையின் பெயரைச் சொல்லிச் செலவைத் தள்ளிப்போடுகிறவர்கள், தள்ளிப்போடுவதற்கான செலவை அதே ஏழையின் தலையில் வைக்கிறார்கள். தயவுசெய்து அந்த வாதத்தை மட்டும் உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்வி. செலவு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடும் பொய்த்துப்போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010 இறுதியில் நம் நாட்டு ஏலங்களில் சூரிய மின்சாரம் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் போனது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 பைசா. உங்கள் ஊர் மில்காரர்கள் 1990களிலேயே காற்றாலை போட்டார்கள். உலகத்தைக் காப்பாற்ற அல்ல, தேய்மானம் காட்டி வரியைக் குறைக்கும் சலுகைக்காகவும் கரண்ட் பில்லுக்காகவும்தான். போடட்டும், அதனால் என்ன? பல்லடம், உடுமலைப் பக்கம் அவை இன்னும் சுற்றுகின்றன.

ஆகவே செய்யுங்கள். முதலில் கரண்ட் பில்லையும் உலைக்கு ஆகும் எரிபொருள் கணக்கையும் ஒரு வருடத்துக்கு எடுத்து வையுங்கள். ஜெர்மனிக்காரர் கேட்கும் கணக்கில் பெரும்பகுதி அந்தக் கரண்டிலும் எரிபொருளிலும் நீங்கள் வாங்கும் கம்பியிலும்தான் இருக்கும். கம்பி தரும் ஆலையிடமும் எழுதிக் கேளுங்கள், தயங்குவார்கள், விடாதீர்கள். கூரையில் சூரியத் தகடு போட இரண்டு பேரிடமாவது விலை வாங்குங்கள். அதே கூரைக்குக் கீழே வெக்கை தணிய என்ன செய்யலாம் என்பதையும் அந்தச் செலவோடு சேர்த்தே யோசியுங்கள். மைத்துனரோடு சண்டை போடாதீர்கள், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் அடுத்த முறை அவர் 'செலவு அதிகம்' என்று சொன்னால், எத்தனை சதவீத வட்டியில் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.